மதகின் மறுவாய்

பொதுநோக்கு மண்டபத்தில் மேனுகா பேசி முடித்தபோது ஒருவரும் கை உயர்த்தவில்லை.

கிளிநொச்சியில் ஒரு தனியார் வகுப்பில் விலங்கியல் படிப்பிக்கிற பிள்ளை அவள். ஸ்கூட்டியில் வந்திருந்தாள். அவளும் சில நண்பர்களும் சேர்ந்து மாவட்டத்தில் எங்கெங்கே வௌவால்கள் தங்குகின்றன, கூடுகின்றனவா குறைகின்றனவா என்று பார்த்து வந்தார்கள். சம்பளம் இல்லாத வேலை. உருத்திரபுரத்தில் றோட்டுக்குக் கீழே போகிற பழைய மதகுக்குள் சின்ன வௌவால்கள் குடியிருக்கின்றன, கிழமையில் ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் அங்கே இருந்து வெளியே வருகிறவற்றை எண்ண ஊரில் ஒரு ஆள் வேண்டும் என்றாள்.

மின்விசிறி சுற்றியது. மாதர் சங்கத்து அன்னபாக்கியம் பக்கத்துக் கதிரையில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மேனுகா மேசையில் பரப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

அவள் அடுக்குகிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் பத்மாசனி கையை உயர்த்தினாள்.

பத்மாசனி அந்தக் கூட்டத்துக்கு வந்ததே பெரிய விசயம். முந்தின வருசம் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். காயம் ஆறிவிட்டது. ஆறிய பிறகும் அவள் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. சமைப்பாள். தான் சாப்பிடமாட்டாள். மகன் விதுசன் வவுனியாவில் கம்பஸ் படித்தான். அவன் போன் எடுத்தால் ஓம், இல்லை என்று இரண்டு சொல் சொல்லிவிட்டுக் கணவனிடம் கொடுத்துவிடுவாள்.

தில்லைநாதனும் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், ஊரில் நடக்கிற கூட்டங்களுக்கெல்லாம் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். மாதர் சங்கம். கோயில் பொதுக்கூட்டம். டெங்கு விளக்கக் கூட்டம். இது வௌவால் கூட்டம்.

கூட்டம் முடிய வேம்பின் கீழே நின்றவரிடம் வந்தாள்.

“என்னவாம்?”

“வௌவால் எண்ண ஆள் வேணுமாம்.”

“ஆர் எண்ணிறது?”

“நான்.”

அவர் வண்டியை ஸ்ரார்ட் செய்தார். வீடு வந்தது. படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு, “எண்ணுமன்,” என்றார்.

*

அந்த மதகு நீளமானது. றோட்டை அகலித்தபோது பழைய கட்டின் இரண்டு பக்கமும் கொங்கிறீற் சேர்த்ததில் சுரங்கம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாய் வைரவர் கோயில் பக்கம். மற்ற வாய் வயல் பக்கம். புது வாய்க்கால் கட்டிய பிறகு மதகால் தண்ணீர் ஓடவில்லை. உள்ளே காய்ந்த சேறு. அதன்மேல் மிளகு தூவியதுபோல் எச்சம்.

முதல்நாள் மேனுகா கோயில் பக்கமும் பத்மாசனி வயல் பக்கமும் இருந்தார்கள். வௌவால்கள் எல்லாம் வயல் பக்கத்தால்தான் வந்தன. வயலுக்கு மேலேதான் பூச்சி. அதனால் வயல் பக்கம் ஒரு ஆள் இருந்தால் போதும் என்று மேனுகா முடிவு செய்தாள். பத்மாசனியின் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு எண்ணியைக் கொடுத்தாள். ஒன்று வந்தால் ஒரு அமத்து. கதைக்கக்கூடாது. ரோச் அடிக்கக்கூடாது. போன் வெளிச்சமும் கூடாது.

“ஒருநாளை வைச்சு ஒண்டும் சொல்லேலாது அன்ரி,” என்றாள் மேனுகா. “நெடுக இருந்து பாத்தாத்தான் தெரியும்.”

வயல் வரம்பில் உரப்பையை விரித்து இருப்பாள். வெளிச்சம் வடிந்து, நெல்லின் பச்சை கறுப்பாகிற நேரம் முதலாவது வரும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாலைந்தாக வந்து, ஓயாமல் வரத் தொடங்கும். அவளுடைய தலைக்கு மேலால் போகும். ஒன்றும் அவளில் முட்டவில்லை. சத்தமும் இல்லை. முகத்தில் காற்று மட்டும் படும்.

முதல்நாள் வீட்டுக்கு வந்தவள் குசினிக்குள் நின்றுகொண்டே கதைத்தாள். அதுகளின் மூக்கு இலை மடித்த மாதிரி என்று மேனுகா சொன்னதாம். ஒன்று பெருவிரல் அளவுதானாம். நெல்லுக்கு வருகிற அந்துப்பூச்சிகளைத்தான் தின்னுமாம். கதைத்துக்கொண்டே தன் சாப்பாட்டுக் கோப்பையில் பிட்டைப் போட்டாள். சாப்பிட்டு முடித்து இன்னொருதரம் போட்டாள்.

தில்லைநாதன் அதைப் பார்த்தார். கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஊரில் அவளுக்கு வௌவால் அக்கா என்று பெயர் வந்தது. சங்கக்கடையில் வரிசையில் நின்றபோது அன்னபாக்கியம் கேட்டாள், எண்ணி முடிய அதுகளுக்குத் தின்ன முட்டைமா குடுக்கிறேல்லையோ என்று. பத்மாசனிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததை அன்று இரவு கணவனிடம் சொன்னாள்.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வயலால் வருகிற தில்லைநாதன் படலையடியில் ஒருமுறை செருமுவார். அது கேட்டால் அவள் கேற்றிலை அடுப்பில் வைப்பாள். ஒப்பரேசனுக்குப் பிறகு அந்த மாதங்களில் அவர் செருமியும் அடுப்படியில் சத்தம் கேட்கவில்லை. அவரே தேத்தண்ணி வைத்தார். இப்போது செருமினால் கேற்றில் மூடி தட்டுகிற சத்தம் கேட்டது.

*

ஆனியில் மேனுகா சிவப்புத் தாள் சுற்றிய ரோச்சோடு வந்து மதகுக்குள் குனிந்து போனாள். பத்மாசனியையும் கூப்பிட்டாள். கூரையில் பழைய கட்டு இடிந்து குழிந்த இடத்தில் அவை நெருக்கமாகத் தொங்கின. பலவற்றின் வயிற்றில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மயிர் முளைக்காத குஞ்சுகள். இவை பறக்கப் பழகும்வரை ஒன்றும் நடக்கக்கூடாது என்று மேனுகா வெளியே வந்து சொன்னாள். ஒரு வருசத்துக்கு ஒன்றுதான் பெறுமாம்.

அடுத்த கிழமை புது வாய்க்காலின் கட்டு உடைந்தது.

திருத்த ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சிறுபோக நெல் குடலைக்கு வருகிற காலம். கதிர் உள்ளே கருக்கட்டி வெளியே வராத அந்த நாட்களில் தண்ணீர் இல்லாவிட்டால் வருவது மணியில்லாத சப்பிதான். மதகுக்கு அப்பால் இருந்த வயல்களுக்கு ஒரே வழி பழைய வாய்க்கால். பழைய வாய்க்காலுக்கு ஒரே வழி மதகு.

வாய்க்கால் தலைவர் பரமேஸ்வரன் கூட்டம் வைத்தார். மேனுகாவும் வந்தாள். கன நேரம் கதைத்தார்கள். முந்தின முறைத் தண்ணீரின் ஈரம் இன்னும் வயலில் இருந்தது. அந்த ஈரம் தாங்கும்வரை பொறுப்பது என்றும், வௌவால் வெளியேறிவிட்டது என்று பத்மாசனி சொன்னால் அன்றைக்கே பழைய வாய்க்காலின் தண்ணீர்க் கதவான துருசைத் திறப்பது என்றும் முடிவானது. பரமேஸ்வரனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய மகளுக்கு விலங்கியல் படிப்பித்தது மேனுகாதான்.

மதகின் வாயைத் தொட்டுக்கொண்டு கிடந்த முதல் வயல் தில்லைநாதனுடையது. மேட்டு வயல். முதலில் காய்வதும் அதுதான். அவர் ஒவ்வொருநாளும் விடிய வரம்பில் குந்தி நிலத்தில் விரலை விட்டுப் பார்த்தார். அவளிடம் எப்போது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவர் கேட்காதது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் கிழமை பத்மாசனி எண்ணப் போனபோது மதகடியில் ஒரு வெளிச்சம் இருந்தது. வரம்பில் நட்ட தடியில் சின்ன சோலர் லைற். பொழுதுபடத் தானாகப் பத்தியது. ஊரில் பாதி வயல்களில் பன்றிக்கு இப்படிக் கட்டியிருந்தார்கள். அது தன் பாட்டில் எரிந்தது. அவள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. காலடி தெரிந்ததில் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

அன்று வந்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கின.

ஒருநாளை வைத்துச் சொல்ல முடியாது. மறுநாளும் போய் இருந்தாள். நன்றாக இருட்டும்வரை இருந்தாள். இரண்டுதான் வந்தன.

மேனுகாவுக்குப் போன் எடுத்தாள். மேனுகா கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். குஞ்சுகள் கெதியாய்ப் பறக்கப் பழகியிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம் என்றாள். தனக்கு வகுப்புச் சோதனைகள், வந்து பார்க்க இரண்டு நாளாகும் என்றாள். தண்ணீர் இல்லாமல் பயிர் இரண்டு நாள் பொறுக்குமா என்று கேட்டாள். பத்மாசனி வாசலால் பார்த்தாள். தில்லைநாதன் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

“பொறுக்காது பிள்ளை,” என்றாள்.

பிற்பகல் கூட்டத்தில் எழும்பி நின்று, அதுகள் போயிட்டுதுகள் என்று சொன்னாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். நாளை விடிய துருசு திறப்பது. முதல் முறை தில்லைநாதனுக்கு. அன்னபாக்கியம் வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். “வௌவால் அக்கா வாழ்க,” என்றாள். இந்தமுறை பகிடியாகச் சொல்லவில்லை.

*

அன்று வெள்ளிக்கிழமை. பொழுதுபட வைரவருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வரலாம் என்று பத்மாசனி கோயிலுக்குப் போனாள். தண்ணீர் வருகிறது, அதற்காக. அதுகள் நல்லபடி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதற்காகவும்.

திருநீற்றைப் பூசிக்கொண்டு றோட்டுக்கு ஏறும்போது முகத்தில் காற்று பட்டது.

நின்றாள். இன்னொன்று. காதோரத்தால் ஒன்று. மதகின் கோயில் பக்க வாய் எருக்கலம் பற்றைக்குள் இருந்தது. அந்தப் பற்றைக்கு மேலால் அவை வந்துகொண்டிருந்தன. நாலைந்தாக. ஓயாமல். றோட்டைக் கடந்து, ஒரு லொறியின் வெளிச்சத்துக்கு மேலே உயர்ந்து, வயல் பக்கம் இறங்கின.

அவள் எண்ணவில்லை. எண்ணி கையில் இல்லை.

றோட்டைக் கடந்து மறுபக்கம் இறங்கிப் பார்த்தாள். வயல் பக்க வாய்க்கு நேரே தடியில் லைற் எரிந்துகொண்டிருந்தது. மதகின் உள்சுவர் வரைக்கும் அந்த வெளிச்சம் போயிருந்தது. தடியில் சுற்றியிருந்த நீலக் கயிறு அவளுடைய வீட்டுக் கொடிக்கயிற்றில் வெட்டிய துண்டு.

வீட்டுக்கு வந்து பிட்டை அவித்தாள். கோப்பையைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். தனக்குப் போடவில்லை. தில்லைநாதன் அதைக் கவனித்துவிட்டுக் கையைக் கோப்பையில் வைக்காமல் இருந்தார்.

“மதகடியிலை லைற் கட்டினது நீங்களோ?”

“ஓம்.”

“ஏன்?”

“பண்டிக்கு.”

“பண்டி வாறது காட்டுக் கரையாலை. மதகடியாலை ஒருநாளும் வந்ததில்லை.”

அவர் கோப்பையைப் பார்த்தார்.

“உம்மட உரப்பை விரிக்கிற இடத்திலைதான் பெடியள் புடையன் பாம்பு அடிச்சவங்கள்,” என்றார். “பெரிசு.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் போகமாட்டீர்.”

“போகாட்டில் என்ன?”

அவர் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அங்கை போயிட்டு வந்தாத்தான் நீர் சாப்பிடுறீர்,” என்றார்.

அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழும்பிப் போய் அதை இறக்கினாள். திரும்பி வந்து இருந்து, வெளிச்சத்தைக் கண்டால் அதுகள் அந்தப் பக்கத்தால் வராது என்பதையும், கோயில் பக்கம் தான் கண்டதையும் சொன்னாள். குஞ்சுகள் உள்ளேதான் நிற்கின்றன என்றாள். விடிய தண்ணீர் வந்தால் மதகு கூரை வரை நிரம்பும். தாய்கள் பறந்துவிடும். குஞ்சுகள் பறக்காது. தான் போயிட்டுதுகள் என்று சொன்னபடியால்தான் துருசு திறக்கிறார்கள்.

திறக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மேட்டு வயலின் வெடிப்புக்குள் இன்று காலை அவருடைய நடுவிரல் முழுக்கப் போனதை அவள் பார்த்திருந்தாள்.

 தில்லைநாதன் எழும்பி ரோச்சைத் தேடினார்.

“அந்தப் பிள்ளை தந்த சிவப்புத் தாள் கிடக்கே?” என்று கேட்டார்.

*

கிழக்கு வெளுக்கிற நேரம் இருவரும் மதகுக்குள் போனார்கள். தில்லைநாதன் உயரமான ஆள். இரண்டாக மடிந்து போனார். அவை இரை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தன. சிவப்பு வெளிச்சத்தில் ஒரு தாய் வந்து கூரையில் பற்றியது. பக்கத்தில் கிடந்த குஞ்சு அதன்மேல் ஏறி வயிற்றுக்குள் புதைந்தது.

அவர் முன்னே பின்னே அதுகளைக் கண்டதில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

“மூக்கு உம்மட அண்ணையின்ரை மாதிரி,” என்றார் மெல்ல.

அவள் வாயைப் பொத்தினாள்.

பிறகு அவர் வெளிச்சத்தைச் சுவரில் இறக்கினார். பழைய வாய்க்கால் ஓடிய காலத்துத் தண்ணீர்க் கோடு கூரையோடு ஒட்டித் தெரிந்தது. அதற்கும் கீழே, இடுப்பளவில், மங்கலாக இன்னொரு கோடு. அவர் அதில் கையை வைத்தார். அந்தக் காலத்தில் அறுவடை கிட்ட துருசை அரைக் கதவுதான் திறப்பார்கள். அப்போது தண்ணீர் அந்தக் கோட்டில் போகும். அவர் வெளியே வந்து தடியிலிருந்த லைற்றைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே துருசடிக்கு நடந்தார்.

துருசடியில் மண்வெட்டிகளோடு ஆட்கள் நின்றார்கள். பரமேஸ்வரன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பத்மாசனி நேரே அவரிடம் போனாள்.

“அண்ணை, நான் சொன்னது பிழை. அதுகள் போகேல்லை. குஞ்சுகளும் உள்ளை நிக்குது.”

பரமேஸ்வரன் எண்ணெய்ப் போத்தலை நிமிர்த்தினார். “நேற்றுக் கூட்டத்திலை எழும்பி நிண்டு போயிட்டுதுகள் எண்டது ஆர்?”

“நான்தான். பிழையா எண்ணிப்போட்டன்.”

“எண்ணிறதுக்கெண்டுதானே உம்மை விட்டது, தங்கச்சி.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். இனி நெல்லையும் இவவிடம்தான் எண்ணக் கொடுக்க வேண்டும் என்று ஒரு குரல் சொன்னது. பத்மாசனி நிலத்தைப் பார்த்தாள். ஆனால் விலகிப் போகவில்லை. சக்கரத்துக்கும் பரமேஸ்வரனுக்கும் இடையில் நின்றாள்.

தில்லைநாதன் செருமினார்.

“அவ பிழையா எண்ணேல்லை,” என்றார். “நான்தான் மதகடியிலை லைற் கட்டினனான். வெளிச்சத்துக்குப் பயந்து அதுகள் மற்றப் பக்கத்தாலை போயிருக்குதுகள். இந்தா லைற்.”

“பண்டிக்கே கட்டினனீ?”

“இல்லை. புடையனுக்கு. இவ இருட்டுக்குள்ளை இருக்கிறா எண்டு.”

 பரமேஸ்வரன் லைற்றைப் பார்த்தார், தில்லைநாதனைப் பார்த்தார்.

“எடேய் தில்லை,” என்றார். “கலியாணம் முடிச்சு எத்தினை வரியம்? இப்பதானோ மனுசிக்கு லைற் பிடிக்கிறாய்?”

எல்லோரும் சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு. பத்மாசனியின் தலை இன்னும் குனிந்துதான் இருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்கமுதல் தில்லைநாதன் அரைக் கதவைப் பற்றிச் சொன்னார். அரைக் கதவு என்றால் தண்ணீர் இடுப்பளவில் போகும், கூரைக்கு எட்டாது. சிரிப்பு நின்றது. அரைக் கதவு என்றால் முறைகள் இரட்டிப்பு நேரம் எடுக்கும். கடைசி வயல்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது. வௌவாலுக்காக மனிதர் பட்டினி கிடப்பதோ என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. பத்மாசனிக்கு அது தெரிந்தது.

“கடைசி வயலிலை இருந்து துடங்குங்கோ,” என்றார் தில்லைநாதன். “முதல் ஆண்டியப்பன்ரை. பிறகு மற்றவையின்ரை. என்ரை கடைசி.”

ஆண்டியப்பன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிய குடும்பம். அவருடைய வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. எப்போதும் கடைசி முறை அவருடையதுதான்.

“நம்ம வயலுக்கு மொதல்ல தண்ணி வந்த சரித்திரமே கெடையாதுங்கண்ணே,” என்றார். “ஒங்க பயிரு என்னாகும்?”

“பாப்பம்.”

பரமேஸ்வரன் சக்கரத்தைப் பிடித்தார். பிறகு சுற்றத் தொடங்கினார். கதவு கிறீச்சிட்டு ஏறியது. பாதியில் நிறுத்தினார்.

“வௌவாலுக்கு முறை வைச்ச முதல் வாய்க்கால் இதுதான்,” என்றார்.

*

தண்ணீர் மதகால் வந்து தில்லைநாதனின் வயலைத் தொட்டுக்கொண்டு போனது. வரம்பில் தண்ணீர் விடுகிற வாயை, வக்கடையை, அவர் சேறு வைத்து இறுக்கி அடைத்திருந்தார். இந்தப் பக்கம் தண்ணீர் ஓடியது. அந்தப் பக்கம் நிலம் வெடித்துக் கிடந்தது. இடையில் வரம்பில் அவர் இருந்தார். ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் உள்ளே வரும். மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது.

பத்மாசனி மத்தியானம் சோறு கொண்டு போனாள். வெயிலில் நெல்லின் தாள் சுருண்டு ஊசியாகியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவர் அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

“மதகுக்குள்ளை எட்டிப் பாத்தன்,” என்றார். “கோட்டுக்குக் கீழைதான் போகுது.”

“சாப்பிடுங்கோ.”

“நீர்?”

அவள் இரண்டு கோப்பை கொண்டு வந்திருந்தாள். எடுத்துக் காட்டினாள். வரம்பில் இருந்து இருவரும் சாப்பிட்டார்கள். கீரையும் கருவாட்டுக் குழம்பும். கால்களுக்கு அருகால் மற்றவர்களின் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் மாலையில் மேனுகா வந்தாள். நடந்ததைப் பத்மாசனி ஒளிக்காமல் சொன்னாள். மேனுகா கேட்டுவிட்டுத் தானும் பிழை விட்டதாகச் சொன்னாள். மற்ற வாய்க்கும் ஒரு ஆள் போட்டிருக்க வேண்டும், ஆள் கிடைக்காது என்று விட்டுவிட்டேன் என்றாள். பிறகு வரம்பில் இருந்த தில்லைநாதனைப் பார்த்தாள். 

“அங்கிளின்ரை நெல்லு,” என்று தொடங்கினாள்.

“நெல்லு அடுத்த போகமும் வரும் பிள்ளை,” என்றார் அவர்.

தண்ணீர் அவருடைய முறைக்கு வந்தபோது ஆண்டியப்பனும் அவருடைய மனைவி பேச்சியம்மாவும் மண்வெட்டியோடு வந்தார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. வக்கடையை ஆண்டியப்பன்தான் வெட்டினார். வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. பள்ளத் துண்டு பிழைத்தது. மேட்டுத் துண்டில் கதிர் வெள்ளையாக வெளியே வந்தது. கையில் பிடித்தால் பாரமில்லை. தில்லைநாதன் ஒரு கதிரை உருவிப் பார்த்துவிட்டு, கோழிக்கு ஆகும் என்றார்.  அன்று படலையில் செருமவும் மறந்துபோனார். ஆனாலும் கேற்றில் அடுப்பில் இருந்தது.

*

ஆடிக் கடைசியில் புது வாய்க்கால் திருத்தி முடிந்தது. மதகு மறுபடி காய்ந்தது. குஞ்சுகள் பறக்கத் தொடங்கியிருக்கும், இந்தக் கிழமை எண்ணுவது முக்கியம், இரண்டு வாய்க்கும் ஆள் வேண்டும் என்று மேனுகா போனில் சொன்னாள். கோயில் பக்கத்துக்கு அவள் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

பத்மாசனி உரப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது தில்லைநாதனும் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“எண்ணி ஒண்டுதான் கிடக்கு,” என்றாள்.

அவர் குசினிக்குள் போய் ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்து வலப்பக்கப் பொக்கற்றில் போட்டார். ஒன்று வந்தால் ஒன்று இடப்பக்கம் போகும். அது அவருடைய கணக்கு. ரோச்சையும் எடுத்தார். அவள் பார்த்தாள்.

“பத்தமாட்டன்,” என்றார்.

றோட்டில் பிரிந்தார்கள். அவர் கோயில் பக்கம் எருக்கலம் பற்றையடிக்கு இறங்கினார். அவள் வயல் பக்கம் வந்து உரப்பையை உதறி விரித்தாள். தடி நின்ற இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. காற்று அடங்கியிருந்தது. வெளிச்சம் வடிந்தது. காலடி தெரியவில்லை. முன்பு இதே இடத்தில் எத்தனையோ நாள் பயமில்லாமல் இருந்தவள்தான். இப்போது புடையன் நினைவில் இருந்தது. புல்லில் ஏதோ அசைந்தது. காலை இழுத்துக்கொண்டாள்.

அப்போது மதகுக்குள்ளால் ஒரு செருமல் வந்தது.

படலையில் கேட்கிற அதே செருமல். கொங்கிறீற்றுக்குள் ஓடி வந்ததில் கொஞ்சம் பெரிதாகிக் கேட்டது. கதைக்கக்கூடாது என்றுதான் மேனுகா சொல்லியிருந்தாள். பத்மாசனி காலை நீட்டிக்கொண்டாள்.

முதலாவது வந்தது. அவள் அமத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாலைந்தாக வந்தன. சில ஒழுங்காகப் பறக்கவில்லை. மதகின் வாயை விட்டு வந்ததும் தாழ்ந்து, நெற்கதிரைத் தொடப்போகிற மாதிரி இறங்கி, பிறகு எழும்பின. அவற்றையும் எண்ணினாள். இடையிடையே செருமல் வந்தது. கையும் ஓயவில்லை.

எல்லாம் முடிய அவர் றோட்டில் நின்றார். இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அவள் எண்ணியைக் காட்டினாள். ரோச்சை அப்போதுதான் பத்தினார். இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது ஆனியில் எண்ணியதைவிடக் கூடுதல்.

“உங்களுக்கு எத்தினை?”

“ஒண்டுமில்லை.”

அவர் வலப்பக்கப் பொக்கற்றைத் தட்டினார். புளியங்கொட்டைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

“அப்ப எல்லாம் என்ரை பக்கத்தாலைதான் வருகுது,” என்றாள். “உங்கடை பக்கம் இனி ஆள் தேவையில்லை. மேனுகாவுக்குச் சொல்லிவிடுறன்.”

அவர் முன்னால் நடந்தார். படலை வந்தது. திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒருநாளை வைச்சுச் சொல்லேலாது,” என்றார்.